காதை நம்பாதே... எழுவாயைத் தேடு!

"அத்தை, இந்த வாக்கியத்துல என்ன தப்பு இருக்கு? எனக்கு எல்லாமே சரியாத்தான் கேக்குது!"

ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, கூடவே இந்தக் கேள்வி. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண் அவள். கடை அடைத்து, வீடு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் படிப்பு. வங்கி கிளார்க் தேர்வுக்குத் தயாராகிறாள். போன வருஷம் கணக்கிலும் ரீசனிங்கிலும் நல்ல மார்க். ஆங்கிலத்தில் மட்டும் கட்-ஆஃபுக்கு ஒன்றேகால் மார்க் குறைந்தது. அவ்வளவுதான், ஒரு வருஷ உழைப்பு போயிற்று.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் இந்தத் தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மார்க், 20 நிமிடம். மூன்று பகுதிகளிலும் தனித்தனியாகக் கட்-ஆஃபைத் தாண்ட வேண்டும். ஒரு தவறான விடைக்குக் கால் மார்க் போய்விடும். கணக்கையும் ரீசனிங்கையும் இப்போது தமிழிலேயே எழுதலாம். ஆனால், ஆங்கிலப் பகுதியை அப்படி எழுத முடியாதே! தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு அந்த 20 நிமிடம்தான் உயரமான வாசற்படி.

"நான் தமிழ் மீடியம்தானே அத்தை, அதான் வரல" என்றாள் போனில். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. 30 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவள் நான். தமிழ் தெரிந்ததால் யாருக்கும் ஆங்கிலம் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, நோட்டை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

அவள் அனுப்பிய வாக்கியம் இதுதான்: 'தி க்வாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் ஆர் வெரி குட்.' வாக்கியத்தை நாலு துண்டாக்கி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்டிருந்தார்கள்.

படித்துப் பாருங்கள், காதுக்கு உறுத்தவே உறுத்தாது. 'மேங்கோஸ்' பன்மை, பக்கத்திலேயே 'ஆர்' பன்மை. ஜோடி பொருத்தமாகத்தான் தெரியும். கேள்வி தயாரிப்பவர் விரிக்கிற வலையே அதுதான்.

"சரி, இதைத் தமிழில் சொல்லு" என்றேன்.

"மாம்பழங்களின் தரம் நல்லா இருக்கு."

"எது நல்லா இருக்கு? மாம்பழமா, தரமா?"

"தரம்..." என்று இழுத்தவள், "அய்யோ, அப்போ 'ஆர்' இல்ல, 'ஈஸ்' வரணும்!" என்றாள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழில் முக்கியமான சொல், சொற்றொடரின் கடைசியில் வரும். 'மாம்பழங்களின்' முன்னால் போய்விடும். 'தரம்' வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அதனால் தமிழில் இந்தத் தவற்றைச் சின்னக் குழந்தைகூடச் செய்யாது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். முக்கியமான சொல் முதலில் வந்துவிடும். அதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் வேறு சொற்கள் புகுந்துகொள்ளும். நம் காது, பக்கத்தில் இருக்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏமாறும்.

ஆகவே முதல் வேலை, வினைச்சொல்லைப் பிடிப்பது. அடுத்தது 'யார்? எது?' என்று கேட்பது. பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை படித்தோமே, அதேதான்!

அடுத்து அவள் நோட்டில் மூன்று தடவை தவறாகியிருந்த ஒன்று: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஆர் எ டாக்டர்.' இதையும் தமிழில் சொல்லச் சொன்னேன். "என் நண்பர்களில் ஒருத்தர் டாக்டர்." பாருங்கள், 'நண்பரில் ஒருத்தர்' என்று அவள் சொல்லவில்லை. 'நண்பர்களில்' பன்மை, அதனால் 'ஃபிரெண்ட்ஸ்'. 'ஒருத்தர்' ஒருமை, அதனால் 'ஈஸ்'. இரண்டு பிழையையும் தமிழே காட்டிக் கொடுத்துவிட்டது.

'ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் ஹி வென்ட்' என்பதும் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும். 'மழை பெய்தாலும், ஆனால் போனான்' என்று நாம் சொல்வோமா? 'பெய்தாலும்' வந்த பிறகு 'ஆனால்' எதற்கு? அதே மாதிரி, 'ஆல்தோ' வந்தால் 'பட்' வேண்டாம்.

'எ'யா, 'ஆன்'ஆ என்ற குழப்பத்துக்கும் மருந்து நம்மிடமே இருக்கிறது. 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என்று படித்தோம் இல்லையா? உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', உயிர்மெய்க்கு முன்னால் 'ஒரு'. ஆங்கிலத்திலும் கணக்கு ஒலிக்குத்தான். எழுத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் வாயில் வருகிற ஒலியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலச் சொல், பார்வைக்கு உயிரெழுத்தில் தொடங்கும். தமிழில் எழுதினால் 'யுனிவர்சிட்டி'. 'யு' உயிர்மெய், எனவே 'எ யுனிவர்சிட்டி'. மணி நேரத்துக்கான சொல் 'ஹெச்'சில் தொடங்கும். ஆனால் வாயில் வருவது 'அவர்'. 'அ' உயிர், எனவே 'ஆன் அவர்'. எம்.எல்.ஏ.வுக்கும் 'ஆன்'தான்.

இத்தனையும் முடிந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "அப்போ எல்லாத்தையும் தமிழில் மாத்திப் பார்த்தாப் போதுமா அத்தை?"

போதாது. அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். இடது பக்கம், 'தமிழ் கை கொடுக்கும் இடம்'. வலது பக்கம், 'தமிழ் காலை வாரும் இடம்'.

வலது பக்கத்தில் முதல் வரி நான் சொன்னது, சொந்த அனுபவம். 'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி லோன்.' தமிழில் 'கடனைப் பற்றிப் பேசினோம்' என்பதால் 'பற்றி'க்கு ஒரு 'அபவுட்' போட்டுவிடுகிறோம். ஆனால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'அபவுட்' கூடாது. வேலை பார்த்த காலமெல்லாம் நான் கடிதங்களில் அப்படித்தான் எழுதினேன். ஒருவரும் திருத்தவில்லை, ஏனென்றால் எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தோம்! காதை நம்பாதே என்று சொல்வதற்கு இதுதான் காரணம். தினமும் கேட்கிற தவறு, காதுக்குச் சரியாகவே படும்.

இரண்டாவது வரி: 'ஷி ஈஸ் மேரிட் வித் எ டீச்சர்.' 'டீச்சரோடு கல்யாணம்' என்ற நினைப்பில் வருகிற 'வித்' இது. சரியானது 'மேரிட் டு'.

மூன்றாவது: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் டூ இயர்ஸ்.' இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஆம் வொர்க்கிங்' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும். இது தமிழ் காலை வாரும் இடம். ஆனால் 'ஸின்ஸ்'ஸா, 'ஃபார்'ஆ என்பதற்குத் தமிழே கை கொடுக்கும். 'ரெண்டு வருஷமா' என்று கால அளவு வந்தால் 'ஃபார்'. '2023-லேருந்து' என்று தொடங்கிய நேரம் வந்தால் 'ஸின்ஸ்'.

தினமும் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, தவறான ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் எழுது என்றேன். விடையைப் பார்த்துவிட்டு, 'ஓ, அப்படியா' என்று நகர்ந்துவிட்டால் அதே தவறு மறுபடி வரும்.

தேர்வறைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது. முதலில் வாக்கியத்தை முழுசாக ஒரு தடவை படிக்க வேண்டும். அப்புறம் வினைச்சொல்லும் எழுவாயும் பொருந்துகிறதா? காலம் சரியா? 'ஹி', 'தெய்ர்' போன்ற சொற்கள் யாரைக் குறிக்கின்றன? கடைசியாக, 'டு', 'வித்', 'ஆஃப்' போன்ற சின்னச் சொற்கள். இத்தனையும் பார்த்து ஒன்றும் சிக்கவில்லை என்றால், தைரியமாக 'நோ எரர்' கொடுக்கலாம். பிழை இருந்தே தீரும் என்ற பயத்தில், சரியாக இருக்கிற துண்டைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் நிறைய.

ஒன்றுமே புரியாத கேள்வியை விட்டுவிடுவதும் ஒரு விடைதான். "போன தடவை அஞ்சாறு கேள்விக்குக் குத்துமதிப்பா அடிச்சேன் அத்தை" என்றாள். நாலு தவறு சேர்ந்தால், சரியாக எழுதிய ஒரு கேள்வியின் மார்க் போய்விடும். ஒன்றேகால் மார்க்கில் கோட்டைவிட்டவளுக்கு இதை விளக்கவா வேண்டும்?

உங்களுக்கும் மூன்று வாக்கியங்கள். வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

1. 'ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹேவ் எ லேப்டாப்.'

2. 'ஹி ஈஸ் சீனியர் தேன் மீ.'

3. 'தி மேனேஜர், அலாங் வித் டூ கிளார்க்ஸ், ஈஸ் ஆன் லீவ்.'

அண்ணன் மகள் இந்த வருஷத் தேர்வை எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. வெளியே வந்ததும் போன் பண்ணினாள். "நாலு கேள்வியைத் தொடவே இல்ல அத்தை. ரெண்டுக்கு 'நோ எரர்' கொடுத்தேன், கை நடுங்கல" என்றாள். 'தமிழ் மீடியம்' என்ற பேச்சே வரவில்லை. எனக்கு அது போதும்.

அன்று ராத்திரி அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் தட்டினேன், 'ஞாயிற்றுக்கிழமை வா, மெயின்ஸ் தேர்வைப் பற்றிப் பேசலாம்' என்ற அர்த்தத்தில். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"வரேன் அத்தை. ஆனா, 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபவுட்' வேண்டாம்!"

விடைகள்: 1. 'ஹேவ்' தவறு, 'ஹேஸ்' வேண்டும், 'ஈச்' ஒருமை. 2. 'தேன்' தவறு, 'டு' வேண்டும். 'என்னைவிட' என்ற தமிழ் இங்கே காலை வாருகிறது. 3. பிழை இல்லை, 'இரண்டு கிளார்க்குகளோடு மேனேஜர் லீவில் இருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள், எழுவாய் யார் என்று தெரிந்துவிடும்.