வண்டி சத்தம் போடுது... நாம?

பைக்கின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது. நேற்று வரை இல்லாத சத்தம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம் ஆட்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று போய்க்கொண்டே இருப்பார். இரண்டாவது ரகம், சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்துவிட்டு, நீட்டுகிற பில்லுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டுவார். மூன்றாவது ரகம், 'இது எங்கேர்ந்து வருது, ஏன் வருது?' என்று கேட்பார். அந்த மூன்றாவது ரகத்துக்குத்தான் இந்த நாட்டில் மரியாதையே இல்லை.

என் நண்பர் ஒருவர் மூன்றாவது ரகம். நெய்வேலி டவுன்ஷிப்காரர். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இயந்திரச் சத்தத்திலேயே வளர்ந்த ஊர் அது. சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சச வாளிச் சக்கரம், ஓயாமல் ஓடும் கன்வேயர் பெல்ட், அனல் மின் நிலையத்து டர்பைன் எல்லாமே ஷாஃப்ட், கியர், பேரிங் சமாசாரம்தான். அங்கே ஒரு பேரிங் முனகினால் காது கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

நண்பரிடம் ஒரு வெளிநாட்டு பைக். செயின் கிடையாது; ஷாஃப்ட். லாரியில் இன்ஜினையும் பின் அச்சையும் இணைக்கிற தண்டு இருக்கிறதே, அதன் குட்டித் தம்பி. இதொன்றும் புது வித்தை இல்லை. பி.எம்.டபிள்யூ 1923-லேயே ஷாஃப்ட் வைத்து பைக் செய்துவிட்டது. நம் தாத்தாக்கள் ஓட்டிய லாம்ப்ரெட்டா எல்.டி. ஸ்கூட்டரிலும் ஷாஃப்ட்தான்.

அந்த பைக்கில் ஓர் உறுமல். நண்பர் சென்னைக்கு எடுத்துப் போனார். சர்வீஸ் சென்டரில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஃபைனல் டிரைவ் போச்சு சார். மொத்த அசெம்பிளியையும் மாத்திடணும்." சொன்ன விலைக்கு ஒரு புது நூற்றைம்பது சிசி பைக்கே வாங்கிவிடலாம்!

"எதுல கோளாறு? பேரிங்கா, பல் சக்கரமா?"

"அதெல்லாம் பிரிக்க மாட்டோம் சார். செட்டா மாத்துறதுதான்."

நண்பர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மந்தாரக்குப்பம் பக்கம் லாரி டிஃபரன்ஷியல் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் விட்டார். அந்த மனிதர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளை உங்களுக்கும் உதவும்.

முதலில் டயரைத் தடவிப் பார்த்தார். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த டயரும் பேரிங் மாதிரியே உறுமுமாம். டயர் சரியாக இருந்தது. அடுத்து ஓட்டிப் பார்த்தார். வேகமெடுத்துவிட்டு கிளட்சைப் பிடித்தார். இன்ஜின் சத்தம் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை, சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்தே குறைந்தது. ஆக, நோய் இன்ஜினில் இல்லை. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன் - பினியன் பற்கள் மீது சந்தேகம். கியர் மாற்றும்போது 'டங்'கென்று இடித்தால் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் உள்ள கிராஸ், அல்லது கிரீஸ் காய்ந்துபோன ஸ்பிளைன். (லேசான 'டங்' ஷாஃப்ட் வண்டிக்குப் பிறவிக்குணம். அதற்கு பயப்பட வேண்டாம்.) இங்கே இரண்டும் இல்லை.

பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாது. ஆடியது. கடைசியாக ஆயிலை இறக்கினார். மொத்தமே ஒரு டம்ளர் அளவுதான். டிரைன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். இதில் ஒட்டியிருந்தது இரும்புச் செதில்.

"பேரிங் சார். பல்லு அப்படியே புதுசு மாதிரி இருக்கு."

பிரித்தார். சொன்னது சொன்னபடி. அந்த நிலையில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால், பேரிங் சிக்கி, ஓடுகிற வேகத்திலேயே பின்சக்கரம் இறுகியிருக்கலாம். 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்பவர்கள் கவனிக்க.

பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் இருந்தது. கடையில் கிடைத்தது. ஆனால் வேலை அங்கேதான் நின்றது. பேரிங்கை உட்கார வைக்கும்போது எத்தனை கனத்தில் ஷிம் தகடு வைக்கவேண்டும் என்று ஒரு அளவு உண்டு. கூடினால் சூடேறும், குறைந்தால் ஆடும். அந்த அளவு கம்பெனியின் மேனுவலில் இருக்கிறது. கேட்டால், "வெளியில தர்றதில்ல சார்." லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து, பழைய பேரிங்கையும் புதுசையும் ஷிம்மையும் அளந்து அளந்து, ஒரு முழு நாள் செலவழித்துப் பொருத்தினார் மெக்கானிக். உறுமல் போயே போச்சு.

என் கோபம் இங்கேதான். பொருள் கடையில் இருக்கிறது. திறமை தெருவில் இருக்கிறது. ஒரு எண்ணை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு நம்மை மிரட்டுகிறார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு ஈஸியாகப் புரியும். பேரிங் மாற்றினால் அனுபவசாலியின் ஒரு நாள் உழைப்பு, லாபம் குறைவு. அசெம்பிளி மாற்றினால் நேற்று சேர்ந்த பையனே போதும். பார்ட்ஸ் லாபம் கொழுத்தது. நல்லாயிருக்கிற பல் சக்கரத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டால் என்ன, காசு நம்முடையதுதானே!

'பாதுகாப்புக்காகத்தான் தருவதில்லை' என்பார்கள். சரியான அளவைச் சொல்லாமல் மறைப்பதா பாதுகாப்பு? சொன்னால்தானே பாதுகாப்பு!

இது ஒரு கம்பெனியின் குணம் இல்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம்? உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது. வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்கிற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்ட்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் ஆணையம் சொன்னது. அப்புறம்? மேல்முறையீடு, வழக்கு, வாய்தா. 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்து, ஒரு இணையதளமும் திறந்தது. இணையதளம் நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, கார் கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களைத் தந்தே ஆகவேண்டும் என்று சட்டமாக்கிக்கொண்டார்கள். நமக்கு வேண்டியதும் அப்படியொரு பல் உள்ள சட்டம்தான்.

தெருவோர மெக்கானிக் எல்லோரும் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. சத்தத்தை அமுக்க கெட்டி ஆயிலை ஊற்றி அனுப்புகிற மகான்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். எந்த பாகம்? ஏன் போச்சு? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பதில் இல்லாதவரிடம் வண்டியை விடாதீர்கள், அவர் ஏ.சி. ஷோரூமில் இருந்தாலும் சரி, புளியமரத்தடியில் இருந்தாலும் சரி.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை, பில் கட்டுவதற்கு முன்னால் 'பழைய பார்ட்டைக் கொடுங்க' என்று கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் காதிலும் விழட்டும்.