மருந்துக்கடையிலும் கேள்வி கேட்போம்

பூச்சிக்கொல்லி டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் நஞ்சு என்று நம்ம ஆட்கள் உடனே சொல்லிவிடுவார்கள். உரக்கடையில் எதை நீட்டினாலும் "இதுல என்ன கிடக்கு?" என்று கேட்பார்கள். அதே ஆள் மருந்துக்கடைக்குப் போனால் அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. எங்க சாத்தான்குளம் பக்கம் அடிக்கடி காதில் விழுவது இது: "அண்ணாச்சி, பெருவிரல் வீங்கிட்டு. அந்த யூரிக் ஆசிட் மாத்திரை ஒரு அட்டை தாங்க."

அந்த மாத்திரை அலோபுரினால். சைலோரிக் என்ற பெயரிலும் விற்கிறது. 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ள, பலருக்குப் பயன்பட்ட மருந்துதான். உடம்பில் யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும். ஆனால் இது வலி மாத்திரை அல்ல. வீங்கிய அன்று விழுங்கினால் வலி தீராது; தொடங்கிய புதிதில் வலி கூடவும் செய்யலாம். மூட்டுத் தொந்தரவே இல்லாமல், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்து மட்டும் விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை.

தேவையில்லாமல் விழுங்கினால் என்ன நட்டம்? மிகச் சிலருக்கு இந்த மருந்து தோலையே உரித்துவிடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பார்கள். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. பிறகு வாயில் புண், உடம்பெல்லாம் தடிப்பு, கொப்புளம். தீக்காயம் பட்டதுபோல் தோல் கழன்று வரும். இதில் பத்தில் ஒருவர் வரை இறக்கிறார்கள். கடுமையான வகையில் மூன்றில் ஒருவர் வரை. இன்னொரு வகையில் முகம் வீங்கி, ஈரலும் சிறுநீரகமும் கெடும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு, மூன்று மாதங்களில்தான் இது வரும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பது ஓரளவு தெரிந்த சங்கதி. எச்.எல்.ஏ.-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், எடுத்த எடுப்பில் கூடுதல் அளவு விழுங்குபவர்கள். தைவானில் 2,900-க்கும் மேற்பட்டோருக்கு முன்கூட்டியே மரபணுப் பரிசோதனை செய்து, அந்த வகை இருந்த சுமார் 20 சதவீதம் பேருக்கு இந்த மருந்தைத் தவிர்த்தார்கள். அதில் ஒருவருக்குக்கூடக் கடும் தோல் பாதிப்பு வரவில்லை. அந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது.

நம்ம ஊரில் அந்தப் பரிசோதனை எளிதில் கிடைக்காது. ஆனால் கிரியாட்டினின் பரிசோதனை எங்கேயும் உண்டு. தேரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பாடுபடுகிறவனின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் 300 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுப்பது எந்த நியாயம்? 100 அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து இது. சட்டம் இருக்கிறது, கடைப்பலகையில்தான் காணோம்.

இனி சொல்வது நமக்கே கசக்கும். உடம்பில் தடிப்பு வந்தால் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை அரைத்துப் பூசுவதும், "நஞ்சு முறியட்டும்" என்று பத்தியம் இருப்பதும் இயற்கை வழியில் நிற்கிற நம்மிடம் கூடுதல். இந்த நோயில் ஒவ்வொரு நாளும் உயிர்க்கணக்கு. மாத்திரை தொடங்கிய பிறகு தடிப்போ, காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே நிறுத்துங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர் வாழ்நாளில் மறுபடி அதைத் தொடக் கூடாது.

வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்த வேண்டாம். அவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு.

மருந்தால் பாதிப்பு வந்தால் நோயாளியே புகார் தரலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. பூச்சிக்கொல்லியால் மயங்கி விழுந்தவர்களின் கணக்கைக் கேட்டு நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்! மாத்திரையால் தோல் உரிந்தவர்களின் கணக்கும் நாம் சொன்னால்தான் ஏறும். அடுத்த உழவர் கூட்டத்தில் விதைப் பரிமாற்றம் முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளை ஆளாளுக்குக் கொண்டு வரட்டும். "இதுல என்ன கிடக்கு?" என்ற கேள்வியை அங்கேயும் கேட்போம்.