வெறுங்கால் தந்த பாடம்

உலகோர் கால்களுக்குக் காலணி தைத்தனுப்பும் ஊர் நம் ஆம்பூர். வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. இம்மண்ணில் வாழும் நாம், காலணியே அணியாது ஐரோப்பிய ஆடுகளத்தில் புகழ் ஈட்டிய ஒருவரை அறிந்திருத்தல் வேண்டும். அவர்தாம் கல்கத்தாவின் முகம்மது சலீம்.

1904-ஆம் ஆண்டில் பிறந்த சலீம், முகம்மதன் ஸ்போர்ட்டிங் அணியின் வலப்புற முன்கள வீரர். 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற அணி அது. 1936-இல், பிரிட்டனில் வாழ்ந்த உறவினர் ஹாஷிம் அவரை அழைத்துச் சென்று, ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் அணியின் முன் நிறுத்தினார். வெறுங்காலுடன் ஆடுபவரா என வியந்தவர்கள், அவர்தம் ஆட்டத்தைக் கண்டபின் ஏற்றுக்கொண்டனர். செல்டிக் அணியின் பயிற்சியாளர் ஒருவர் குனிந்து அமர்ந்து சலீமின் பாதங்களுக்குக் கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் உள்ளது. ஆள்பவர் ஆளப்படுபவர் என்ற வேறுபாடு ஓங்கியிருந்த காலத்தில், திறமையின் முன் அது தலைதாழ்ந்த காட்சி அன்றோ அது!

ஆயினும், இரு ஆட்டங்களுக்குப் பின் சலீம் தாயகம் திரும்பினார். கால்கள் சோரவில்லை, ஊர் நினைவே அவரை வாட்டியது. 1980-இல் அவர் மறைந்தார்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. அக்கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால், திறமைக்குத் துணை அமைந்தால் விடையும் மாறும். பீட்டர் தங்கராஜை எண்ணிப் பாருங்கள். வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவு மையம் அவருக்குப் பணியும் தந்தது, ஆடுகளமும் தந்தது. அவர் 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். சலீமுக்கு வழிகாட்ட ஓர் உறவினர் இருந்தார். தங்கராஜுக்கோ தாங்கி நிற்க ஒரு நிறுவனமே இருந்தது. இவ்வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் உள்ளது.

எனவே, தொழிலதிபர்களாகிய சமுதாயப் பெரியோர், திறமை மிக்க இளைஞர்க்குத் தம் ஆலைகளில் பணியும் பயிற்சிக்கு நேரமும் அளித்திட வேண்டுகிறோம். ஆசிரியப் பெருமக்கள், மாலையில் மைதானத்தில் நிற்கும் மாணவனை வீணன் என எண்ணாதிருத்தல் நலம். மாணவர்களே, ஆட்டத்தைக் காட்டிப் பாடத்தைக் கைவிடாதீர். பாடத்தைக் காட்டி ஆட்டத்தையும் துறவாதீர்.

ஊருக்கெல்லாம் காலணி செய்பவர் நாம். நம் பிள்ளைகளின் கால்களுக்கு ஒரு களம் அமைத்துத் தருவது நமக்கு அரிதாகுமோ?