வழி சொல்லக் கூலியா?

என் அண்ணன் மகனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை, புல்லட் மேல் காதல். போன வருஷம் சென்னையிலிருந்து கிளம்பி, கோரக்பூர் தாண்டி, சுனௌலி எல்லை வழியாக நேபாளத்துக்குள் நுழைந்து, பொக்காரா, ஜோம்சோம் என்று ஏறி முக்திநாத் வரை பைக்கிலேயே போகப்போவதாகச் சொன்னான். வைணவர்களின் நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. ‘‘பெருமாளைச் சேவிக்கவா?’’ என்றேன். ‘‘இல்ல சித்தப்பா, ரோட்டுக்காக’’ என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

கையில் புதுசாக ஒரு டப்பா வைத்திருந்தான். பைக்கில் மாட்டிக்கொண்டால் வழி காட்டுமாம்.

‘‘எவ்வளவுடா?’’

‘‘நாப்பத்தெட்டாயிரம்.’’

‘‘நேபாளம் இருக்கா இதுல?’’

‘‘அது தனி சித்தப்பா. இன்னும் எட்டாயிரம் ஆகும்னாங்க. போன்லயே பாத்துக்கலாமேன்னு கேட்டேன். நெட் இல்லாட்டி ஜி.பி.எஸ். வேலை செய்யாது, மலையில டவர் கிடைக்காதுன்னு கடையில சொல்லிட்டாங்க.’’

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் வழி கேட்டால், வெற்றிலை போடுகிற பாட்டிகூட எழுந்து வந்து, ‘‘அந்த அரசமரத்துக்கிட்ட சோத்துக்கைப் பக்கம் திரும்பு’’ என்று சொல்லும். அதற்குக் காசு கேட்ட பாட்டியை நீங்கள் பார்த்ததுண்டா? அந்தப் பாட்டியின் வேலைக்கு இப்போது ஐம்பத்தாறாயிரம் ரூபாய் பில்.

முதலில் அந்த ‘நெட் இல்லாவிட்டால்’ கதையை எடுத்துக்கொள்வோம். படித்தவர்களே நம்புகிற பொய் இது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே, ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இத்தனை’ என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் நாலு செயற்கைக்கோளின் சத்தத்தைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரேடியோவில் பாட்டுக் கேட்பதுபோல. கேட்பவன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நெட் இருந்தால் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். இல்லாவிட்டால் முதல் தடவை சில நிமிஷம் கூடுதலாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அது இலவசமானதற்குப் பின்னால் 269 உயிர்கள் இருக்கின்றன. 1983 செப்டம்பரில் பாதை தவறி சோவியத் எல்லைக்குள் போய்விட்ட கொரிய பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன்பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜி.பி.எஸ்., தயாரானதும் எல்லோருக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. அப்போதும் சாமானியனுக்குத் தருகிற சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்தார்கள். 2000 மே மாதம் கிளின்டன் அதையும் நிறுத்தினார். ஆக, ஆகாயத்திலிருந்து வருவது ஓசி. பின்னே எதற்குக் காசு? வரைபடத்துக்கு.

சரி, வரைபடம் யாருடையது? சாலையைப் போட்டது மக்களின் வரிப் பணம். நில அளவை செய்ததும் பெரும்பாலும் அரசாங்கம்தான். ஆனால் வரைபடத்தை மட்டும் பூட்டி வைத்துப் பெரிய வியாபாரம் ஆக்கிவிட்டார்கள். சாலைத் தகவல் விற்கிற இரண்டே கம்பெனிகளை 2008-ல் நோக்கியா 810 கோடி டாலருக்கும் டாம்டாம் 290 கோடி யூரோவுக்கும் வாங்கின என்றால் லாபத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் அரசு நில அளவைத் துறையின் வரைபடத்தைக் காப்பியடித்ததற்காக 2001-ல் ஏ.ஏ. என்ற மோட்டார் அமைப்பு 2 கோடி பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. வரி கட்டி வரைய வைத்தவனே அதைப் பார்க்க மறுபடி காசு கொடுக்க வேண்டும்!

இந்த அநியாயத்தில் வெறுத்துப்போய்த்தான் 2004-ல் லண்டனில் மாணவராக இருந்த ஸ்டீவ் கோஸ்ட், ‘நாமே வரைந்துகொள்வோம்’ என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிரித்தவர்கள் பலர். அமெரிக்காவின் சென்சஸ் துறை சாலைத் தகவல் ஏற்கெனவே பொதுச்சொத்து; அது அப்படியே இதில் சேர்ந்தது. பிரிட்டிஷ் துறையும் 2010-ல் தன் வரைபடங்களில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது.

‘‘ஓசி மேப் எல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி, நேபாள மலைக்கு ஆகுமா?’’ என்று நீங்கள் கேட்கலாம். என் பையனும் கேட்டான். நேபாளத்தைத்தான் நான் சாட்சிக்குக் கூப்பிடுவேன். 2013-ல் தொடங்கிய காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பு உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்துவந்தது. 2015 ஏப்ரல் 25-ல் பூகம்பம். ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். எந்தக் கிராமத்துக்கு எந்தப் பாதை என்று தெரியாமல் நிவாரணக்காரர்கள் திணறியபோது, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் தங்கள் வீட்டில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் வீட்டையும் கோடு கோடாக வரைந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. வாங்க ஆள் இல்லாத மலைக் கிராமத்தை எந்த வியாபாரி அளந்துகொண்டிருப்பான்?

அந்தப் பாதையில்தான் நம் பையன் ஜாலியாக புல்லட் ஓட்டப் போகிறான்.

நியாயமாகப் பேச வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டப்பாவில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். மழையில் நனையலாம், கையுறையோடு தொடலாம், வெயிலிலும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு ஒரு விலை உண்டு, கொடுங்கள். ஆனால் மழைத்தாங்கிக்கு விலை வாங்குங்கள் ஐயா, வழிக்கு வாங்காதீர்கள். ‘வாழ்நாள் முழுதும் மேப் இலவசம்’ என்கிற விளம்பரத்தின் பொடி எழுத்தையும் படியுங்கள். வாழ்நாள் உங்களுடையது அல்ல, டப்பாவுடையது.

ஓசி மேப்பிலும் தப்பு உண்டு. காளிகண்டகியின் ஆழமான பள்ளத்தாக்கில் செங்குத்து மலை பாதி ஆகாயத்தை மறைக்கும்போது எந்தக் கருவியாக இருந்தாலும் புள்ளி தடுமாறும். மழைக்காலத்தில் நேற்றைய சாலை இன்று ஆற்றில் கிடக்கும். அதைச் சொல்ல டீக்கடைக்காரரை விட்டால் ஆள் இல்லை.

பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நேபாளம் முழுவதையும் போனில் இறக்கிக்கொள். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து நெட் இல்லாமலே வழி சொல்லும். விமானப் பயன்முறையில் போட்டு நம் தெருவிலேயே ஒருமுறை ஓட்டிப் பார். புது போனை ஹேண்டில்பாரில் மாட்டாதே. பெரிய மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது. டிராயரில் தூங்குகிற பழைய போன் போதும். காத்மாண்டு பக்கம் போனால் தாமேலில் காகித மேப் கிடைக்கும், ஒன்று வாங்கு. காகிதத்துக்கு பேட்டரி தீராது.

பட்டியலோடு அவனை அனுப்பிவிட்டேன். ஆனால் என் கோபம் கடைக்காரரோடு முடியவில்லை; மீதி நம்மீதுதான். ஓசி என்றால் முதல் ஆளாக ஓடுகிறோம். திருப்பி என்ன கொடுத்தோம்? லடாக் போய்வந்தவர்கள் எத்தனை பேர்! வண்டி மேல் நின்று போட்டோ போட்டார்களே தவிர, மூடிப்போன பெட்ரோல் பங்கை மேப்பில் திருத்தியவர் எத்தனை பேர்?

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அனுமதி இல்லாமல் வரைபடத் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 வருஷம் வரை ஜெயில் என்று 2016-ல் ஒரு வரைவு மசோதா வந்தது. எதிர்ப்பில் அது அப்படியே கிடந்துபோனது. 2021 பிப்ரவரியில்தான் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தினார்கள். இப்போது வரைவதற்குத் தடை இல்லை, சோம்பல்தான் தடை.

பையன் பத்திரமாகத் திரும்பி வந்தான். டப்பாவை அந்தக் கடை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ‘‘எட்டாயிரத்தையாவது மிச்சம் பண்ணினியா?’’ என்றேன். அந்த டப்பாவிலேயே ஓசி நேபாளத்தை ஏற்றி ஓட்டினானாம். ஏற்ற முடியும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை, ஏன் சொல்வார்கள்?

பெருமாளைச் சேவித்தானா என்று கேட்டேன். சேவித்தானாம். அதைவிட ஒரு காரியம் செய்திருந்தான். ஜோம்சோம் போகிற வழியில் ஒரு பஞ்சர் கடை, மேப்பில் இல்லை. ராத்திரி லாட்ஜுக்கு வந்ததும் அதைச் சேர்த்துவிட்டானாம்.

நாளைக்கு அதே இடத்தில் எவன் டயரோ பஞ்சராகும். அவனுக்குக் கடை இருக்கும் இடம் தெரியும். கூலி இல்லாமல்.