அளந்த கடலும் அளந்தறியாக் கடலும்

கடற்போர் என்றவுடன் நம்மனோர் உள்ளத்தில் முன்னிற்பன பீரங்கியும் போர்க்கப்பலுமே. காற்றின் விசையையும் ஓதத்தின் ஏற்றவற்றத்தையும் குறித்து வைத்த ஏடுகளை எவரும் படைக்கலமாக எண்ணுவதில்லை. அவ்வெண்ணம் பிழையென்பதும், அவ்வேடுகள் போர் மூண்டபின் எழுதத்தக்கன அல்ல என்பதுமே நாம் ஈண்டு நிறுவப் புகுந்தது.

1943ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள், பசிபிக் மாகடலில் தாராவாவைச் சேர்ந்த பெத்தியோ என்னும் சிறு தீவில், ஜப்பானியரை எதிர்த்து அமெரிக்க வீரர் இறங்கினர். தீவைச் சூழ்ந்து பவளப்பார் கிடந்தது. அதன்மேல் 5 அடி நீர் நிற்குமென்று நம்பினர். படகு மிதக்க ஏறக்குறைய 4 அடி வேண்டும். அன்று நின்றதோ 3 அடியளவே. பாரின்மேல் ஊர்ந்தேற வல்ல ஊர்திகள் முற்பட வந்தோரைக் கரைசேர்த்தன. பின்வந்த படகுகள் பாரின் விளிம்பிலேயே தட்டி நின்றன. அவற்றினின்று இறங்கிய வீரர், இடுப்பளவும் மார்பளவும் ஆன நீரில், 500 கெஜத்துக்கு மேற்பட்ட தொலைவைக் குண்டுமாரியினூடே நடந்து கடந்தனர். மூன்று நாட்போரில் அமெரிக்கர் பக்கத்து மட்டும் ஏறக்குறைய 1,000 பேர் மாண்டனர். அத்தனை சாவுக்கும் ஓதமே காரணமென்று நாம் கூறோம். ஆயினும் அதன் பங்கு சிறிதன்று.

அன்று நீர் ஏன் உயரவில்லை? வெள்ளுவா, காருவா நாட்களில் ஞாயிறும் திங்களும் ஒருங்கே ஈர்ப்பதால் ஓதம் உயரும். அரைமதி நாட்களில் ஒன்றன் ஈர்ப்பை மற்றொன்று குறைப்பதால் ஏற்றம் சிறுக்கும். அன்று தேய்பிறை அரைமதியை ஒட்டிய நாள். திங்கள் புவிக்குச் சேய்மையிலும் நின்றது. இதனை டொனால்டு ஓல்சன் என்னும் அமெரிக்க இயற்பியலார் 1987இல் கணக்கிட்டுக் காட்டினார். அன்றே அதனைக் கணித்திலர் என்னை? திங்களின் இயக்கம் உலகறிந்தது. பெத்தியோவின் நீர் அவ்வியக்கத்திற்கு எங்ஙனம் விடை கூறும் என்பதனை முன்னர் அளந்து வைத்தார் இல்லை. அத்தீவுகளில் வாழ்ந்து பழகிய ஹாலண்டு என்பார் நீர் போதாதென்று எச்சரித்தார். பிறர் போதுமென்றனர். ஒருவர் நினைவுக்கு எதிராகப் பிறர் நினைவு நின்றதேயன்றி, வழக்கைத் தீர்க்க ஏடு இல்லை.

இனி, ஏழு திங்கள் நிரம்புமுன் நிகழ்ந்த நார்மண்டி இறக்கத்தை நோக்குக. ஓதநீர் மறைக்குமிடத்தில் ஜெர்மானியர் தடைகளை நட்டிருந்தனர். அவை வெளித்தோன்றும் வற்றத்தில், விடியலை ஒட்டி இறங்கவேண்டும். வான்வழி வருவார்க்கு நிலவும் வேண்டும். இவையெல்லாம் கூடிய நாட்கள் 1944 ஜூன் 5, 6, 7 ஆகிய மூன்றே. லிவர்ப்பூலை அடுத்த பிட்ஸ்டனில், செவிப்புலன் இழந்த டூட்சன் என்னும் கணக்கறிஞர், சக்கரங்களாலாகிய ஓதப்பொறியைக் கொண்டு மணிதோறும் நீரின் உயரத்தைக் கணித்தளித்தார். கரையின் பெயரும் அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது. பொறியைப் புகழ்வார் பலர். நாம் புகழ்வது அதற்கு இடப்பட்ட எண்களை. லெ ஹாவர், ஷெர்பூர் துறைமுகங்களில் முன்னரே அளந்து வைத்தவற்றை ஒட்டியும், சிறுகலங்களில் மறைந்து சென்றவர் அளந்து வந்தவற்றைக் கொண்டும் அவ்வெண்கள் அமைந்தன.

வானிலையும் அவ்வாறே. அயர்லாந்தின் மேல்கரையில் பிளாக்சாட் அஞ்சலகத்துப் பணிபுரிந்த மோரீன் பிளாவின் என்னும் நங்கையார், ஜூன் 3ஆம் நாள் பாரமானி தாழ்வதைக் கண்டு, வழக்கம்போல் எழுதியனுப்பினார். அன்று அவருக்கு அகவை 21 நிறைந்தது. தம் குறிப்பு யார்க்குப் பயன்படுமென்பதை அவர் அறியார். சரிபார்த்து மீண்டும் கூறுக என்று இங்கிலாந்திலிருந்து கேட்டனர். வானிலைத் தலைவர் ஸ்டாகு 5ஆம் நாள் ஆகாதென்றார். புயலிடையே சிறு தெளிவு வருமென மறுநாட் குறிப்புகள் உணர்த்தவே, 6ஆம் நாளுக்கு ஐசனோவர் இசைந்தார். ஜெர்மானியர்க்கோ அட்லாந்திக் குறிப்புகள் அருகியே கிடைத்தன. அவர்தம் தளபதி ரொம்மல், மனைவியின் பிறந்தநாளுக்கென வீடு சென்றிருந்தார்!

இன்று செயற்கைக்கோள் உளவாக, ஓதக்கோலும் அஞ்சலகமும் எற்றுக்கு என்பார் உளர். செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பைக் காண்பது. ஆழத்தை ஊடுருவ வல்லதன்று. நீர்மூழ்கியைத் தேடுவார்க்கு ஒலியே கண். ஒலியோ நீரின் வெப்பத்திற்கேற்ப வளைந்து செல்வது. மேல்நீர் சூடேறிய பிற்பகலில் எதிரொலி கெடுவதை, இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே அமெரிக்கக் கடற்படையினர் கண்டு திகைத்தனர். அவ்வெப்பத்தை இன்று ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி, 10 நாட்களுக்கு ஒருமுறை எழுந்து, அளந்துரைக்கின்றன. பல நாடுகள் கூடி விட்ட மிதவைகள் அவை. அவற்றின் அளவுகள் எவர்க்கும் திறந்தன.

ஆகவே, செலவைச் சுருக்க விழையும் அரசு முதற்கண் கைவைப்பது அளவு நிலையங்களிலாயின், அது கப்பலை விற்பதினும் தீதென்போம். கப்பலைப் போர் வந்தபின்னும் விரைந்து கட்டலாம். அமெரிக்கர் கட்டியும் காட்டினர். கழிந்த பத்தாண்டின் ஓதத்தை இனி அளப்பார் யார்? பெத்தியோவில் இன்று ஓதமானி நிற்கின்றது. கடல்மட்டம் உயர்ந்து தங்கள் தாழ்நிலம் மூழ்குமோ என்று அஞ்சும் மக்களின் பொருட்டு அது நீரை அளந்துவருகின்றது.