அத்தா விட்டுச் சென்ற கார்

 

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் கார்களை எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால், வெண்ணிற அம்பாசிடர் ஒன்று வந்துவிட்டால், தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் நாளிதழைத் தாழ்த்துகிறார். பள்ளிச் சிறுவனும் திரும்பிப் பார்க்கிறான். புதிய வண்டிகளுக்கு இல்லாத வசீகரம் இந்தப் பழைய வண்டிக்கு எங்கிருந்து வந்தது?

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரப்பாராவில் 1957 முதல் உருவானது அம்பாசிடர். 2014 மே மாதத்தில்தான் அதன் உற்பத்தி நின்றது. பம்பாயில் 1964 முதல் தயாரான பியட், பின்னாளில் பத்மினி என்னும் பெயர் பெற்றது. நமது சென்னையும் பின்தங்கிவிடவில்லை. 1961 இல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. இத்தாலியக் கலைஞர் மிக்கெலாட்டி வரைந்த வடிவம் அது. கோவை அவினாசி சாலையில் 2015 இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் இத்தகைய பழைய கார்களைக் காணக் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்கின்றனர்.

உருண்டு திரண்ட முகப்பும், பளபளக்கும் குரோமியப் பட்டையும் மட்டுமே அந்த அழகு என்று எண்ணிவிடாதீர்கள். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் சுமக்கும் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளிலும் அவ்வண்டி தளராமல் ஓடியது. பழுதானால் சிற்றூர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்தார். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில், வளைகுடாவிலிருந்து திரும்பும் மகனை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்ததும், மணமகளைப் புகுந்த வீடு சேர்த்ததும், நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அம்பாசிடர்தானே! பலருக்குப் பயன்பட்ட பொருளின் அழகு எளிதில் மங்குவதில்லை.

வாகனத்தின் அழகை ரசிப்பது மார்க்கத்திற்குப் புறம்பானதன்று. குதிரை, கோவேறு கழுதை முதலியவற்றை நாம் ஏறிச் செல்வதற்காக மட்டுமின்றி அலங்காரமாகவும் இறைவன் படைத்ததாகத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் கூறுகிறது. நல்லாடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா எனக் கேட்கப்பட்டபோது, அழகு அல்லாஹ்வுக்கு உவப்பானது என்றும், உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கியருளினார்கள்.

ஆகவே, வீட்டுக் கொட்டகையில் நிற்கும் அத்தாவின் காரைத் துடைத்து, வண்ணம் பூசி, பேணிக் காக்க விரும்பும் இளைஞரை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி உண்டு: அந்தக் கார் யாருடையது?

அத்தா மறைந்த அன்றே அது வாரிசுகள் அனைவரின் சொத்தாகிவிட்டது. நிலத்தையும் வீட்டையும் முறையாகப் பிரிக்கும் குடும்பங்கள்கூட, "பழைய இரும்புதானே" என்று காரை மூத்த மகனிடம் விட்டுவிடுகின்றன. சில ஆண்டுகளில் அதே பழைய இரும்பு நல்ல விலைக்குப் போகிறது. அப்போது சகோதரிகளின் நினைவு எவருக்கும் வருவதில்லை. பெற்றோர் விட்டுச் சென்றது சொற்பமாயினும் அதிகமாயினும் அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு என அந்நிஸா அத்தியாயம் ஐயத்திற்கிடமின்றி அறிவித்திருக்கிறது. சொற்பம் என்ற சொல்லில் கொட்டகைக் காரும் அடங்கும் அன்றோ!

ஓர் உதாரணம் பாருங்கள். கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின், காரின் மதிப்பு 1,60,000 ரூபாய் என்று கொள்வோம். இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லை. மனைவியும், இரு மகன்களும், மூன்று மகள்களும் உள்ளனர். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 20,000 ரூபாய். மகன்களுக்குத் தலா 40,000. மகள்களுக்குத் தலா 20,000. காரை வைத்துக்கொள்ள விரும்பும் மகன், நேர்மையான மதிப்பீடு செய்து மற்றவர்களின் பங்கைக் கொடுத்துவிடட்டும். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. கூச்சத்தினால் மௌனமாக இருப்பதை மனமுவந்த சம்மதம் என்று எண்ணிவிடலாகாது.

அடுத்து, நாட்டுச் சட்டத்தையும் கவனியுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு வழிவகுத்தது. அப்போது அறிவித்த கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும். ஆனால் அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கே வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட இயலாது. பழுது பார்க்கும் ஆர்வத்தில் வட்டிக் கடனில் விழுவதும், பிள்ளைகளின் படிப்புப் பணத்தைச் செலவிடுவதும் வேண்டாம். விற்று லாபம் காணும் நோக்கத்துடன் பழைய கார்களை வாங்கி வைப்போர், அவை வியாபாரப் பொருள் என்பதை மறவாமல் ஜகாத்தைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

சகோதரிகளே, உங்கள் பங்கைக் கேட்பது உறவை முறிப்பதாகாது. சகோதரர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திருப்பது உங்களுக்கு அழகாகாது. கணக்கைத் தீர்த்துவிட்டு, அதே காரில் சகோதரியையும் அவர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாயைப் பார்க்கச் செல்லுங்கள். அத்தாவின் ஆன்மா மகிழ இதைவிட வேறென்ன வேண்டும்?

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நேரிய வழியில் நடக்க அருள் புரிவானாக! ஆமீன்.