எடிட்டிங் சொப்ட்வெயாரை மாற்றினால் பிரச்சினை தீருமா?





எமது ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று வீடியோ எடிட்டிங்கில் இறங்கியிருக்கிறார்கள். கலியாண வீடியோ, பாடசாலைப் பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, ரமழான் பயான் என்று எல்லாம் அவர்களுடைய கையால்தான் வெளிவருகின்றன. சிலருக்கு அது கைச்செலவுக் காசு. சிலருக்கு வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான். ஆகவே இதைப் பற்றி ஊராகப் பேசுவதில் தவறில்லை.

பாடசாலை ஊடகக் கழகங்களோடு வேலை செய்யும் ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி காண்பது ஒன்று. வேலை செய்துகொண்டிருக்கும்போது சொப்ட்வெயார் திடீரென்று மூடிவிடும். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்ததும், "இது சரிவராது, மற்றதுக்கு மாறுவோம்" என்று பாதி வேலையோடு வேறொன்றுக்குத் தாவுவார்கள். அங்கேயும் ஒரு வாரத்தில் அதே கதை. பிறகு திரும்பி வருவார்கள். இடையில் நாள் போய்விடும், வீடியோவை எதிர்பார்த்திருக்கும் வீட்டாரின் பொறுமையும் போய்விடும்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: பெரும்பாலான நேரங்களில் நோய் சொப்ட்வெயாரில் இல்லை. நாம் அதற்குக் கொடுக்கும் பைலிலும் எமது கொம்பியூட்டரிலும்தான் இருக்கிறது. வீடு மாறினாலும் நோய் கூடவே வரும்.

முதலில் போன் வீடியோவை எடுங்கள். அநேகமான போன்கள் ஒரு செக்கனுக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப அந்த எண்ணிக்கை கூடிக் குறையும். எடிட்டிங் சொப்ட்வெயார் எதிர்பார்ப்பதோ சீரான எண்ணிக்கையை. அதனால்தான் அரைமணி நேர பயானில் கடைசியில் வாயசைவு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகிறது. அதோடு எச்.264, எச்.265 என்ற வகைகள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இறுக்கிச் சுருட்டப்பட்டவை. பார்ப்பதற்கு நல்லவை, வெட்டி ஒட்டுவதற்குப் பாரமானவை. எந்த சொப்ட்வெயாரில் போட்டாலும் பழைய லெப்டொப் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இரண்டாவது கொம்பியூட்டர். டாவின்சி ரிசோல்வ் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பலத்தில் ஓடுவது. குறைந்தது 16 ஜிபி ரெம் வேண்டும் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. 8 ஜிபி ரெம்மும் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத நிலையும் உள்ள லெப்டொப்பில் அதைப் போட்டுவிட்டு, "இதுவும் நின்றுபோகிறது" என்றால் யார் மீது குற்றம்?

மூன்றாவது, வெளிப்படையாகச் சொன்னால், கிராக். யாரோ உடைத்துத் திருத்திய சொப்ட்வெயார் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்ப்பது எப்படி? அதற்கு நிறுவனத்தின் திருத்தங்களும் முறையாக வந்து சேராது. பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது எமக்கு ஆகுமா என்ற கேள்வி வேறு. டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பாகவே கிடைக்கிறது. எமது ஊர் வேலைகளுக்கு அது தாராளம். வழி இருக்கும்போது கிராக் எதற்கு?

அப்படியானால் மாறவே கூடாதா? மாறலாம். ஆனால் மாறுவதற்கு ஒரு விலை இருக்கிறது. உலகின் பெரிய எடிட்டர்களே அந்த விலையைக் கொடுத்தவர்கள்தான். 2011 ஜூனில் அப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டது. முந்திய பதிப்பான ஃபைனல் கட் ப்ரோ 7இல் செய்த வேலைகளை அதில் திறக்க முடியவில்லை. பல கமராக்களின் காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும் வசதிகூட ஆரம்பத்தில் இருக்கவில்லை, 2012 ஜனவரியில்தான் அது வந்தது. கோபமடைந்த பலர் பிரீமியர் ப்ரோவுக்கும் அவிடுக்கும் போனார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2020இல் ஒஸ்காரில் சிறந்த படமாகத் தெரிவான கொரியப் படம் 'பரசைட்', அதே பழைய ஃபைனல் கட் ப்ரோ 7இல்தான் எடிட் செய்யப்பட்டது. 2009இல் வந்த சொப்ட்வெயார் அது. கைவிடப்பட்டுப் பல வருடங்களாகியும் அதன் எடிட்டருக்கு அது கைவந்ததாக இருந்தது, அது போதும். சிறந்த எடிட்டிங்குக்கும் அந்தப் படம் பரிந்துரைக்கப்பட்டது. புதிய பதிப்பு வந்த அன்றே மாறாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்று நினைக்கும் எமது பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம்.

ஒரு சொப்ட்வெயாரிலிருந்து மற்றதற்கு வேலையைக் கொண்டுபோக எக்ஸ்எம்எல் என்ற பைல் முறை இருக்கிறது. அது எங்கே வெட்டினோம், எதற்குப் பிறகு எது என்பதைக் கொண்டுபோகும். நிறத் திருத்தம், விசேட எபெக்ட்கள், எழுத்துகள் ஆகியவற்றில் பெரும்பகுதி வழியிலேயே விழுந்துவிடும்.

எழுத்து விடயத்தில் எமக்கு இரட்டைப் பிரச்சினை. இங்கே பலர் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தலைப்புப் போடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் போட்டாலும், பிரீமியர் ப்ரோவின் அமைப்புகளில் தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கான தெரிவைக் கொடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரியலாம். அரபு எழுத்துகள் இணையாமல் தனித்தனியாக நிற்கலாம். தலைப்பில் தமிழ் பிழைத்தால் வெட்கம். ஓர் ஆயத்தின் எழுத்துகள் சிதைந்தால் அது வெட்கத்தோடு முடிகிற காரியமா? சொப்ட்வெயார் மாற்றிய ஒவ்வொரு தடவையும் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பது கட்டாயம். அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வெளியிடவே கூடாது.

ஆகவே தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் நாம் சொல்வது:

1. பாதி வேலையில் மாறாதீர்கள். எடுத்த வேலையைத் தொடங்கிய சொப்ட்வெயாரிலேயே, அதே பதிப்பிலேயே முடியுங்கள். புதிய பதிப்பில் சேமித்த வேலையைப் பழைய பதிப்பு திறக்காது.

2. போன் வீடியோக்களை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச சொப்ட்வெயாரில் சீரான பிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். லெப்டொப் திணறினால் ப்ராக்ஸி என்ற சிறிய பிரதிகளை வைத்து வெட்டுங்கள்.

3. மாற விரும்பினால், அவசரமில்லாத ஒரு சிறிய வேலையில் பழகுங்கள். அடுத்த வீட்டுக் கலியாணம் பரீட்சைக் களம் அல்ல.

4. முடிந்த ஒவ்வொரு வேலையையும் உயர்ந்த தரத்தில் முழு வீடியோவாக வெளியெடுத்து, மூலக் காட்சிகளோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ப்ரொஜெக்ட் பைலில் வீடியோ இல்லை. எந்தக் காட்சியை எங்கே வெட்டுவது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. டாவின்சியில் அந்தக் குறிப்பும் கொம்பியூட்டருக்குள் ஒரு தரவுத்தளத்தில்தான் கிடக்கும். கொம்பியூட்டரைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் அதுவும் போய்விடும். சொப்ட்வெயாரைக் கைவிட்டுவிட்டால், குறிப்பு இருந்தும் அதைத் திறக்க ஆளில்லை.

பாடசாலை நிகழ்வொன்றில் பேசிய அதிபர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஹஸரத், மைதானத்தில் ஓடிய பிள்ளைகள், மணமகளின் கையைப் பிடித்து நின்ற உம்மம்மா, இவர்களில் எத்தனை பேர் இன்று எம்மோடு இருக்கிறார்கள்? அவர்களின் குரலும் முகமும் ஒரு தம்பியின் பழைய ஹார்ட் டிஸ்க்கில், யாராலும் திறக்க முடியாத பைலுக்குள் அடைபட்டுக் கிடக்க நாம் விடலாமா?

அந்தக் காட்சிகள் எமது பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எந்த சொப்ட்வெயாரில் வேலை செய்வது என்பது அவர்களின் விருப்பம். அமானிதத்தைப் பாதுகாப்பது அவர்களின் கடமை. பெற்றாரும் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வீடியோவுக்குக் காசு கொடுக்கும்போது, மூலக் காட்சிகளின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கின் விலையை விட எமது ஊரின் நினைவு பெரிது.

வஸ்ஸலாம்.